எட்டு பவுண்டு விலை: புச்சி எமெச்செட்டாவின் வாழ்க்கையும் எழுத்தும்

ஒரு சனிக்கிழமை. கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் அடாவுக்கு வெளியிலிருந்தே காகிதம் கருகும் வாசனை வருகிறது. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களே என்று பதறிக்கொண்டு படியேறி ஓடுகிறாள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பருகே அவள் கணவன் பிரான்சிஸ் நின்றுகொண்டு ஒவ்வொரு தாளாக நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கிறான். எல்லாம் அவள் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்த அவளுடைய முதல் கதையின் தாள்கள். அவளோடு நூலகத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்தக் கதையைப் படித்துவிட்டு, இது உன் மூளை பெற்ற பிள்ளை என்று சொல்லியிருந்தார். இப்படி ஒரு புத்தகம் எழுத மனைவியை விட்டிருக்கிறான் என்று தெரிந்தால் என் குடும்பம் தாங்காது என்பதுதான் கணவன் சொல்லும் காரணம். அவள் சத்தம் போடுவதில்லை. என் பிள்ளையைக் கொல்லும் அளவுக்கா என்னை வெறுக்கிறாய் என்று கேட்கிறாள். அந்த மணவாழ்க்கை முடிந்தது அந்த நிமிடத்தில்தான்.

அடா ஒரு நாவலின் பாத்திரம். நாவலின் பெயர் ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’, அதாவது இரண்டாம் தரக் குடிமகள். 1974-இல் லண்டனில் வெளிவந்தது. ஆனால் கையெழுத்துப் பிரதி எரிந்தது நிஜம். அதை எழுதியிருந்த புச்சி எமெச்செட்டாவுக்கு அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. எரிந்துபோன அதே கதையை அவர் மறுபடி முதலிலிருந்து எழுதி, அதே தலைப்பில் 1976-இல் வெளியிட்டார். அந்தத் தலைப்பு ‘தி பிரைட் பிரைஸ்’. பரிசப் பணம் என்று சொன்னால் நமக்கு உடனே புரியும்: பெண்ணைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் தொகை.

எமெச்செட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட பாட்டைத்தான் பேசுகிறார்கள். பதினாறு வயதில் கல்யாணம், இருபத்திரண்டுக்குள் ஐந்து பிள்ளைகள், அடிக்கும் கணவன், குளிரடிக்கும் அந்நிய நகரம். இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் நாவல்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால் அவற்றில் கண்ணீரைவிடக் கணக்குதான் அதிகம். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், கொடுத்ததால் யார் யாருக்குச் சொந்தமானார்கள் என்ற கணக்கு. ஷில்லிங், பவுண்டு, வாடகை, ஃபீஸ், டாக்ஸிக் காசு வரை எதையும் அவர் விடுவதில்லை. ஒரு பெண் யாருடைய உடைமை என்ற கேள்வியை இவ்வளவு துல்லியமாக, தொகை போட்டு எழுதிய நாவலாசிரியர்கள் குறைவு.

அந்தக் கணக்கு அவர் பிறப்பதற்கு முன்பே, அவருடைய அம்மாவிடம் தொடங்குகிறது.

புச்சி 1944 ஜூலை 21-ஆம் தேதி நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தார். யோருபா மொழி பேசும் ஊரில் வளர்ந்த இக்போ இனப் பெண். பூர்வீகம் நைஜர் ஆற்றுக்கு மேற்கே உள்ள இபுசா. அப்பா ரயில்வே தொழிலாளி. அம்மா ஒரு காலத்தில் அடிமை. அண்ணனே தங்கையை ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் விற்றிருந்தான். ஊரில் வயதுக்கு வந்த இளைஞர்கள் ஆடும் நடனத்துக்குப் பட்டுத் தலைத்துணி வாங்க அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. வாங்கிய எஜமானி இறந்த பிறகுதான் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பினாள்.

இதையே எமெச்செட்டா 1977-இல் ‘தி ஸ்லேவ் கேர்ள்’ நாவலாக எழுதினார். 1918-இல் உலகை உலுக்கிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் ஒஜெபெட்டா என்ற ஏழு வயதுச் சிறுமியின் அப்பா அம்மாவைக் கொண்டுபோகிறது. பிறந்த பெண் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போன வீட்டில் தப்பிப் பிழைத்தவள் அவள். இவளாவது தங்கட்டும் என்று அப்பா வெகுதூரம் நடந்துபோய் மந்திரித்த சோழிகளும் சலங்கைகளும் கொண்டுவந்து மகளுக்குக் கட்டியிருந்தார். அந்தச் சலங்கைகள் ஒலிக்க ஒலிக்கத்தான் அண்ணன் அவளை ஒனிட்சா சந்தைக்கு நடத்திக் கூட்டிப்போகிறான். பணக்காரத் துணி வியாபாரி ஒருத்தியிடம் எட்டு பவுண்டுக்கு விற்றுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்கிற மாதிரி கழன்றுகொள்கிறான். பிறகு அந்தச் சோழிகளையும் சலங்கைகளையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மகள் பிழைக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் கட்டிவிட்டதெல்லாம் தரையில் விழும் அந்த இடத்தை ஒரே மூச்சில் கடந்துபோக என்னால் முடிந்ததில்லை.

நாவலின் கடைசி இன்னும் கூர்மையானது. ஒஜெபெட்டா வளர்ந்து, ஊர் திரும்பி, ஜேக்கப் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். வருடங்கள் கழித்து எஜமானியின் மகன் பழைய கணக்கைத் தீர்க்கச் சொல்லி வருகிறான். கணவன் அதே எட்டு பவுண்டை எண்ணிக் கொடுக்கிறான். எல்லோருக்கும் சந்தோஷம், அவள் முழுசாகக் கணவனுக்கு உரியவள் ஆகிவிட்டாளே. முப்பத்தைந்து வயதில் அவள் எஜமானை மாற்றிக்கொண்டாள் என்று எழுதி நாவலை முடிக்கிறார் எமெச்செட்டா. மீட்ட பணமும் விற்ற பணமும் ஒரே தொகை. கூட ஒரு வார்த்தை விளக்கம் அவர் சொல்லவில்லை.

சின்ன வயதில் புச்சி விடுமுறைக்கு இபுசா போனால், நிலா வெளிச்சத்தில் அப்பாவின் அக்கா கதை சொல்வாள். ‘பெரியம்மா’ என்றே அவளைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் அவள் காலடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்பார்கள். பெரியவளானால் நானும் இப்படிக் கதைசொல்லி ஆவேன் என்று அந்த மண்ணில்தான் தீர்மானித்ததாக எமெச்செட்டா பிற்பாடு எழுதினார். லாகோஸில் மெதடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உதவித்தொகையில் படித்தபோது, எழுத்தாளர் ஆகப்போகிறேன் என்று வகுப்பில் சொன்னார். போய்ப் பிரார்த்தனைக் கூடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று ஆசிரியை அனுப்பிவிட்டார். ஓர் ஆப்பிரிக்கச் சிறுமிக்கு அந்த ஆசை பாவமாம்.

பள்ளிக்கூடமே அவருக்குச் சும்மா கிடைத்ததில்லை. தம்பியைத்தான் முதலில் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் தரக் குடிமகள் நாவலில் அடா ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் சிலேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று போலீஸ் அவள் அம்மாவைப் பிடித்து, தண்ணீரில் கரைத்த மரவள்ளி மாவைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கவைத்துத் தண்டிக்கிறது. பிறகு நுழைவுத் தேர்வுக் கட்டணம் இரண்டு ஷில்லிங் வேண்டும். கறி வாங்கிவரக் கொடுத்த காசு அவள் கையில் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி அதைத் தேர்வுக்குக் கட்டுகிறாள். சாட்டையடி நூறைத் தாண்டுகிறது. உள்ளூர அவளுக்குத் திருப்திதான்: திருடிய காசுக்கு உடம்பால் விலை கொடுத்தாகிவிட்டது, இனி அந்த இரண்டு ஷில்லிங் தன்னுடையது.

அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையோடு பர்மாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான மேற்கு ஆப்பிரிக்கர்களில் அவரும் ஒருவர். அங்கே பட்ட காயம் கடைசிவரை ஆறவில்லை. அப்பா இல்லாத பெண்ணுக்கு லாகோஸில் தனியாக வீடு எடுத்துத் தங்கவோ படிக்கவோ வழியில்லை. கல்யாணம்தான் ஒரே கூரை. பதினொரு வயதில் நிச்சயம் செய்யப்பட்ட சில்வெஸ்டர் ஒன்வொர்டியை 1960-இல் மணந்தார். அந்த வருடம் அக்டோபரில் நைஜீரியாவுக்குச் சுதந்திரம் வந்தது. அந்தத் தலைமுறை இளைஞர்களுக்கு இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்புவதுதான் பெரிய கனவு. திரும்பி வந்தால் வெள்ளைக்காரன் காலிசெய்த நாற்காலி காத்திருக்கும். கணவன் கணக்கியல் படிக்க முன்னால் போனான். புச்சி 1962-இல் இரண்டு குழந்தைகளோடு கப்பல் ஏறினார்.

நாவலில் கணவனின் பயணச் செலவுக்கும் லண்டன் செலவுக்கும் பணம் தருவது அடாதான். லாகோஸில் அமெரிக்க அலுவலக நூலகத்தில் அவளுக்கு நல்ல சம்பளம். முதல் வகுப்பில் லிவர்பூல் வந்து இறங்குகிறவளிடம் பிரான்சிஸ் சொல்கிறான்: லாகோஸில் நீ கோடீஸ்வரியாக இருந்திருக்கலாம், இந்த மண்ணில் கால் வைத்த நாளிலிருந்து நீ இரண்டாம் தரக் குடிமகள். தலைப்பு வெள்ளைக்காரன் வாயிலிருந்து வரவில்லை, கணவன் வாயிலிருந்து வருகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் நாவலின் பாதி போய்விடும். இனவெறியை அந்த மனிதன் ஒரு நிம்மதியைப் போலப் போர்த்திக்கொள்கிறான். எல்லாக் கறுப்பரும் கீழே என்று ஆகிவிட்டால் மனைவியும் தனக்குக் கீழேதானே.

வெளியே இருந்த வெறி ஒன்றும் கற்பனையல்ல. வாடகை வீட்டு விளம்பரங்களில் ‘கறுப்பருக்கு இல்லை’ என்று வெளிப்படையாகவே போட்ட காலம் அது. வீடு கொடுப்பதில் இனப் பாகுபாடு காட்டுவதைப் பிரிட்டன் சட்டப்படி தடுத்தது 1968-இல்தான். அடா ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பொதுத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். ஆப்பிரிக்கக் குரல் என்று தெரிந்துவிடக் கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். வாருங்கள், அறைகள் காலியாக இருக்கின்றன என்கிறாள் வீட்டுக்காரி. இரவில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். வெளிச்சத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரி கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறாள். அறை இப்போதுதான் போய்விட்டது என்று ஒருவழியாகச் சொல்கிறாள். கடைசியில் அவர்களுக்கு இடம் கொடுப்பவர் ஒரு வயதான நைஜீரியர்.

பிரசவ வார்டில் மற்றப் பெண்களுக்கு வீட்டிலிருந்து வந்த இரவு உடையும் பூங்கொத்தும் இருக்க, அடா மட்டும் ஆஸ்பத்திரி அங்கியில் கிடக்கிறாள். கருத்தடைச் சாதனம் வாங்கக் கணவன் கையெழுத்து வேண்டும் என்கிறது மருத்துவ மையம். அவளே அவன் கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள். தெரிந்ததும் அடி. அதோடு ஊரில் இருக்கும் அவன் பெற்றோருக்குப் புகார்க் கடிதமும் போகிறது. எமெச்செட்டாவின் கோபம் எங்கே இருக்கிறது என்று இந்தக் காட்சி காட்டிவிடுகிறது. இங்கிலாந்தின் சட்டமும் இக்போ வழக்கமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த ஒரு படிவத்தில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

எமெச்செட்டா 1966-இல் கணவனை விட்டு வெளியேறினார். அப்போது வயிற்றில் ஐந்தாவது குழந்தை. நாவலின் நீதிமன்றக் காட்சியில் கணவன், நாங்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்கிறான். சான்றிதழ்களையெல்லாம் ஏற்கெனவே எரித்துவிட்டிருக்கிறான். பிள்ளைகளை யாராவது தத்தெடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். பிள்ளைகள் என்னுடையவர்கள், அது எனக்குப் போதும் என்கிறாள் அவள். நாவல் முடியும் இடத்தில், கேம்டன் டவுன் தெருவில் கால் போன போக்கில் நடப்பவளை ஊரில் தெரிந்த ஒருவர் இக்போ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவளை டாக்ஸியில் ஏற்றிவிட்டுக் காசும் அவரே கொடுக்கிறார். காரணம், அவள் இன்னும் கணவனோடுதான் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதுதான். அந்த டாக்ஸிக் காசோடு புத்தகம் முடிகிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1965 முதல் 1969 வரை நூலகப் பணி, ஐந்து பிள்ளைகள், மாலையில் சமூகவியல் படிப்பு, விடியற்காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன் எழுத்து. அந்த வருடங்களை நினைத்தாலே நமக்கு மூச்சு முட்டும். பட்டம் 1972-இல் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய எழுத்துகள் திரும்பித் திரும்பி வந்தன. கடைசியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழ் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் தொடராக வெளியிட்டது. அவை சேர்ந்து முதல் புத்தகமாக, ‘இன் தி டிட்ச்’ என்ற பெயரில் 1972-இல் வந்தன. டிட்ச் என்றால் பள்ளம்.

இந்தப் புத்தகத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இதில் அடா, நகராட்சி ‘பிரச்சினைக் குடும்பங்களை’ ஒதுக்கித் தள்ளிய பாழடைந்த அடுக்குமாடி ஒன்றில் குடியேறுகிறாள். ஈரம் கசியும் சுவர், குப்பை நாற்றம், அரசு உதவித்தொகையில் ஓடும் வாழ்க்கை. சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள், கணவன் இல்லாத தாய்மார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அடா அருங்காட்சியக வேலையை விட வேண்டியிருக்கிறது. அதன் பிறகு அவளுக்கு ஒரு விஷயம் புரிகிறது: சம்பாதிக்கப் போனால் உதவித்தொகை நிற்கும், போகாவிட்டால் பள்ளத்திலேயே கிடக்க வேண்டும். அன்பாகப் பேசும் குடும்ப நல அலுவலரும் அந்தப் பெண்கள் தன்னை நம்பியே இருப்பதில்தான் நிறைவு காண்கிறார். லாகோஸில் கணவனின் உடைமை, இங்கே கோப்பின் உடைமை. ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் அவளுக்கு லண்டனில் முதல்முறையாகச் சிநேகம் கிடைக்கிறது. நிலக்கரி இல்லாத நாளில் கடன் கொடுப்பவர்கள், துணி துவைக்கும் இடத்தில் சேர்ந்து சிரிப்பவர்கள், நகராட்சிக்கு எதிராகச் சேர்ந்து சண்டை போடுபவர்கள் அந்தப் பெண்கள்தான். நிறத்தைத் தாண்டிய ஏழைப் பெண்களின் ஒற்றுமையை 1972-லேயே இவ்வளவு நேராக எழுதியிருக்கிறார். குடியேறியவரின் கதை என்றாலே கறுப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம் போதும் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்.

அவருக்குச் சரியான பதிப்பாளரும் அமைந்தார். கானாவில் பிறந்த மார்கரெட் பஸ்பி 1967-இல் கிளைவ் அலிசனுடன் சேர்ந்து ‘அலிசன் அண்ட் பஸ்பி’ பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் அவர். எமெச்செட்டாவின் முக்கியமான நாவல்கள் பலவும் அவர் கைப்பட்டு வந்தவை. தன்னைப் போன்ற ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, எழுதியதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

லண்டன் நாவல்கள் இரண்டை எழுதிய பிறகு எமெச்செட்டா ஊருக்குத் திரும்புகிறார், எழுத்தில். பரிசப் பணம் நாவலில் அக்கு-என்னா என்ற பெண், அடிமை வம்சத்தில் வந்த ஆசிரியர் சிக்கேயைக் காதலித்து ஓடிப்போகிறாள். சிற்றப்பா வேண்டுமென்றே பரிசப் பணத்தை வாங்க மறுக்கிறார். பரிசம் கொடுக்கப்படாத பெண் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அவள் செத்தும் போகிறாள். எரிந்துபோன முதல் பிரதி அளவுக்கு மீறிய காதல் கதையாக இருந்தது, தன் வாழ்க்கையில் இல்லாததையெல்லாம் அடா அதில் கொட்டியிருந்தாள் என்று முந்தைய நாவலில் ஒரு குறிப்பு வருகிறது. மறுபடி எழுதியதில் அந்த இனிப்பு இல்லை.

அப்புறம் 1979-இல் வந்தது ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’, தாய்மையின் ஆனந்தங்கள். அவர் எழுதியதிலேயே பெரிய நாவல் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். தலைப்பு நைஜீரியாவின் முன்னோடி எழுத்தாளர் ஃபுளோரா என்வாபாவின் ‘எஃபுரு’ நாவலின் கடைசி வரிகளிலிருந்து எடுத்தது. கதாநாயகி என்னு எகோ ஓர் ஊர்த்தலைவரின் செல்ல மகள். அந்தத் தலைவரின் மூத்த மனைவி இறந்தபோது கூடவே ஓர் அடிமைப் பெண்ணையும் குழியில் தள்ளிப் புதைத்தார்கள். இறங்க மறுத்தவளைத் தலையில் வெட்டினார்கள். பிறகு பிறந்த என்னு எகோவின் தலையில் ஒரு புடைப்பு. அந்த அடிமைதான் இவளுடைய ‘சி’ என்கிறார்கள்; இக்போ நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் கூடவே இருந்து விதியைத் தீர்மானிக்கும் தெய்வம் அது.

லாகோஸில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் துணிகளை, அந்த அம்மாளின் உள்ளாடை உட்பட, துவைத்துப் பிழைக்கும் என்னைஃபேக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். முதல் குழந்தை செத்ததும் கார்ட்டர் பாலத்திலிருந்து குதிக்கப் போகிறாள். அதன் பிறகு பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கிறார்கள். கணவனை யுத்தத்துக்குப் பிடித்துப் போகிறார்கள். விறகும் சிகரெட்டும் விற்று அவள்தான் மகனைப் படிக்கவைக்கிறாள். பின்னொரு நாள் கணவன் மேல் வழக்கு. சாட்சிக் கூண்டில் அவளைக் கேட்கிறார்கள்: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? கணவர்தான் என்கிறாள். நீயும் கட்டுகிறாய் அல்லவா என்று வக்கீல் மடக்குகிறார். அவள் பொறுமையாக விளக்குகிறாள்: வானத்தில் இருக்கும் கடவுளுக்கு நாமெல்லாம் சொந்தம் என்பது போல நான் அவருக்குச் சொந்தம், ஆகவே நான் கட்டினாலும் அவர் கட்டியதாகத்தான் கணக்கு. நீதிமன்றம் சிரிக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த சட்டத்தைத்தான் சொல்கிறாள். அந்தச் சாட்சியமே கணவனுக்கு எதிராகத் திரும்புகிறது.

பிள்ளைகள்தான் முதுமைக்குச் சொத்து என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். மூத்தவன் அமெரிக்காவில், அடுத்தவன் கனடாவில். ஒரு நாள் இரவு சாலையோரத்தில் படுத்தவள் யாரும் கைபிடிக்க இல்லாமல் செத்துக்கிடக்கிறாள். அதன் பிறகு ஊரே மெச்சும்படி சவ அடக்கம் நடக்கிறது. மூத்த மகன் கடன் வாங்கிச் செலவு செய்கிறான். அவள் பெயரில் ஒரு கோயிலும் கட்டுகிறார்கள், பிள்ளையில்லாத பெண்கள் வேண்டிக்கொள்ள. ஆனால் எவ்வளவு வேண்டினாலும் அவள் யாருக்கும் பிள்ளை கொடுப்பதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு இரவில் அவள் கடவுளைக் கேட்டிருந்தாள்: தனக்குள்ளேயே நிறைவு காணும் ஒரு பெண்ணை, யாருக்கும் ஒட்டுறுப்பாக இல்லாத முழு மனுஷியை நீ எப்போது படைக்கப் போகிறாய்?

இதற்காக எமெச்செட்டாவுக்குத் திட்டு விழுந்தது. வெள்ளைக்கார வாசகர்களிடம் இக்போ சமூகத்தை மோசமாகக் காட்டுகிறார் என்றார்கள் நைஜீரிய விமர்சகர்கள் சிலர். மேற்கத்தியப் பெண்ணியவாதிகளோ அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். நான் பெண்ணியவாதி என்றால் ‘ஃபெமினிஸ்ட்’ என்பதை ஆங்கிலத்தில் சின்ன ‘f’ போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று விலகி நின்றார். இந்த விலகலைப் பலர் தயக்கம் என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் நாவல்களில் பெண்களைக் காவல் காப்பவர்களில் மாமியாரும் மூத்த மனைவியும் குடும்ப நல அலுவலரும் உண்டு என்று கண்டு எழுதியவருக்கு, ஒரே கொடியின் கீழ் எல்லோரையும் நிறுத்துவது சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

பியாஃப்ரா என்ற தனி நாடு கேட்டு இக்போ மக்கள் பிரிந்துபோனதால் நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் நடந்த 1967 முதல் 1970 வரை அவர் லண்டனில் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்காத தூரம். ‘டெஸ்டினேஷன் பியாஃப்ரா’ நாவலை 1982-இல் வெளியிட்டபோது, பட்டினியால் இறந்த, தனக்கு மகள் முறையான எட்டு வயதுச் சிறுமிக்கு அதைச் சமர்ப்பித்தார். அந்தச் சிறுமியின் பெயரும் புச்சி எமெச்செட்டா. அவள் இறந்து இரண்டே நாளில் நான்கு வயதுத் தங்கையும் இபுசா அகதி முகாமில் அதே பட்டினியால் இறந்தாள். தன் பெயரை ஒரு குழந்தையின் மரணச் செய்தியில் படித்தவர் எழுதிய போர் நாவல் அது. அதில் கலை நேர்த்தி குறைவு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். களத்தில் ஜெயித்தவர் தோற்றவர் கதையை விட்டுவிட்டு, நடந்தே ஊர் ஊராக ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் பின்தொடர்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

‘கிராண்டா’ இதழ் 1983-இல் சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர்கள் இருபது பேரின் பட்டியலை வெளியிட்டபோது அதில் அவர் பெயர் இருந்தது. இரண்டாம் தரக் குடிமகள் என்று கணவன் சொன்ன நாட்டில், 2005-இல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதும் கொடுத்தார்கள். பிந்தைய நாவல்களில் 1994-இல் வந்த ‘கெஹிண்டே’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பணம் கொழிக்கும் நைஜீரியாவுக்குக் கணவன் ஆசையோடு திரும்பிப் போகிறான். லண்டன் வீட்டை விற்கக் காத்திருந்த கெஹிண்டே, விற்காமலே ஒரு நாள் கிளம்பிப் போகிறாள். அங்கே கணவன் பக்கத்தில் இன்னொரு மனைவி. ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தது தன் ஊராக இல்லை. லண்டனுக்கு வந்து, வாசலில் நின்ற ‘விற்பனைக்கு’ பலகையை அகற்றிவிட்டு உள்ளே போகிறாள். பின்னால் வந்து, வீடு எனக்குத்தானே சேர வேண்டும் என்று உரிமை கேட்கும் மகனிடம், இது என் வீடு என்கிறாள். என் உரிமையைக் கேட்பதால் நான் தாயாகவும் பெண்ணாகவும் குறைந்துபோய்விடவில்லை, இன்னும் கொஞ்சம் மனுஷியாகிறேன் என்கிறாள். என்னு எகோ கடவுளிடம் கேட்ட பெண் பதினைந்து வருடம் கழித்து வடக்கு மூலையில் ஒரு தீவின் தெருவில் வந்து நிற்கிறாள்.

பக்கவாதம் 2010-இல் அவரைப் படுக்கவைத்தது. 2017 ஜனவரி 25 அன்று லண்டனில் இறந்தார். நீங்கள் முதலில் பேசியதால்தான் எங்களால் பேச முடிகிறது என்று அடுத்த தலைமுறை நைஜீரிய நாவலாசிரியர் சிமமண்டா என்கோசி அடிச்சி அஞ்சலி செலுத்தினார்.

இரண்டாம் தரக் குடிமகள் நாவலின் முதல் பக்கத்தில் எமெச்செட்டா தன் ஐந்து பிள்ளைகளின் பெயரையும் எழுதி, இவர்களுடைய இனிய பின்னணி இரைச்சல் இல்லாமல் இந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்காது என்று சமர்ப்பித்திருக்கிறார். இரைச்சல் போட்டவர்களில் ஒரு மகன் வளர்ந்து பத்திரிகையாளர் ஆனார். 1980-களில் அம்மாவோடு சேர்ந்து ‘ஒக்வுக்வு அஃபோர்’ என்ற சொந்தப் பதிப்பகத்தை நடத்தினார். அம்மா படுக்கையில் இருந்தபோது, அவருடைய புத்தகங்கள் கடைகளில் கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து 2016-இல் ‘ஒமெனாலா பிரஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கி அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி அச்சிட்டார். அந்த மகனுக்கு அப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள்: சில்வெஸ்டர் ஒன்வொர்டி.